அறிவித்த பதிப்பு இன்னும் வரவில்லையா? இசை மென்பொருள் அப்கிரேடுக்குக் காத்திருப்போரின் கேள்விகள்

பாட்டு அமைக்கும் மென்பொருளின் அடுத்த பெரிய பதிப்பு "விரைவில்" என்றார்கள். அந்த விரைவில் மாதக்கணக்கில் நீண்டுவிட்டது. இப்போது வாங்குவதா, பொறுப்பதா, வேறு பக்கம் போவதா, பாதியில் நிற்கும் பாட்டை என்ன செய்வது என்று குழம்பி நிற்பவர்களுக்காக இந்தப் பக்கம். எந்த நிறுவனத்துக்கும் வக்காலத்து வாங்குவதற்காக எழுதியதல்ல.

ஒரு அப்கிரேடுக்கு ஏன் இவ்வளவு காலம்? நாலு பட்டன் சேர்ப்பதுதானே?

பட்டன் சேர்ப்பது சின்ன வேலைதான். பட்டனுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும் ஆடியோ எஞ்சினில்தான் வில்லங்கம்.

நீங்கள் 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 ஒலி சாம்பிள்கள்), 128 சாம்பிள் பஃபர் வைத்து (ஒரு தடவைக்கு 128 சாம்பிளாக) வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும் அவகாசம் ஒவ்வொரு தடவையும் 2.67 மில்லிசெகண்ட். அதற்குள் எல்லா ட்ராக்கின் ஒலியையும் எடுத்து, எல்லா பிளக்இன்னையும் (மென்பொருளுக்குள் செருகும் கருவிகள், எஃபெக்ட்கள்) ஓட்டி, கலந்து, ஆடியோ இன்டர்ஃபேஸிடம் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) ஒப்படைத்தாக வேண்டும். நொடிக்கு 375 தடவை இது நடக்கிறது. ஒரே ஒரு தடவை பிந்தினாலும் ஸ்பீக்கரில் "டப்" என்று கேட்கும். கடிதம் தட்டச்சு செய்யும் மென்பொருள் கால் நொடி தயங்கினால் யாரும் கவனிக்கப் போவதில்லை. இங்கே தயங்கினால், மைக் முன்னால் நிற்கும் பாடகர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு உங்களைத் திரும்பிப் பார்ப்பார்.

இந்த எஞ்சினைத் தொட்டு எதை மாற்றினாலும் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். பிளக்இன்களை எழுதுபவர்கள் வேறு நிறுவனங்கள். அவற்றில் சில எப்போதோ எழுதப்பட்டு, எழுதியவரே மறந்துபோனவை. அவையும் புதுப் பதிப்புக்குள் ஒழுங்காக ஓட வேண்டும் என்றுதான் நாம் எதிர்பார்க்கிறோம், அது நியாயமும்கூட.

இன்னொரு காரணம் வெளியே தெரியாது: லைசென்ஸ் முறை. கியூபேஸ் என்ற இசை மென்பொருள் பல வருடங்களாக நவம்பர், டிசம்பர் வாக்கில் புதுப் பதிப்பு விட்டு வந்தது. 11ஆம் பதிப்பு 2020 நவம்பரில் வந்தது. அடுத்த நவம்பரில் ஒன்றும் வரவில்லை. 12ஆம் பதிப்பு 2022 மார்ச்சில்தான் வந்தது. யூஎஸ்பி டாங்கிள் (உரிமத்தைச் சுமக்கும் சின்னச் சாவி) செருகாமலே ஓடும் புது லைசென்ஸ் முறையோடு வந்தது. சாவி மாற்றுவது சாதாரண வேலை போலத் தெரியும். பழைய பயனர் ஒவ்வொருவரின் உரிமத்தையும் ஒன்றுகூடத் தொலையாமல் புது முறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று யோசித்தால்தான் அதன் பாரம் புரியும்.

தாமதம் என்றாலே மோசமான அறிகுறியா?

இல்லை. தேதிக்குள் விட்டே ஆக வேண்டும் என்று அவசரப்பட்டு வெளியான பதிப்புதான் மோசமான அறிகுறி.

ஏபிள்டன் நிறுவனத்தின் லைவ் என்ற இசை மென்பொருளின் 8ஆம் பதிப்பு வந்தது 2009இல். அதில் பிழைகள் மலிந்து பயனர்கள் கொதித்துப்போனார்கள். 2010இல் நிறுவனத்தின் தலைவர் கெர்ஹார்ட் பேலெஸ் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்: புது வசதிகளுக்கான வேலையை நிறுத்துகிறோம், எல்லோரும் பிழை திருத்தத்தில் இறங்குகிறோம் என்று. லைவ் 9 வெளிவர 2013 மார்ச் ஆகிவிட்டது. நான்கு வருடம் அதிகம்தான். ஆனால் மேடையில் ஆயிரம் பேர் முன்னால் லேப்டாப்பைத் திறந்து வைத்து வாசிப்பவருக்குப் புது வசதியைவிட நின்றுபோகாத மென்பொருள்தான் முக்கியம். அந்தக் கடிதம் போல ஒன்று வந்தால் சந்தோஷப்பட வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு தேதியைச் சொல்லித் தொலைத்தால் என்ன?

சொன்னால் இரண்டு தலைவலி. முதலாவது, தேதி தவறினால் வாங்கும் வசவு. இரண்டாவது, விற்பனை. அடுத்தது வருகிறது என்று தெரிந்த நிமிடமே இப்போதிருப்பதை வாங்க வருபவர்கள் கையைக் கட்டிக்கொள்வார்கள். ஆஸ்பர்ன் என்ற கம்ப்யூட்டர் நிறுவனம் 1983இல் அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டியே பேசப்போய், கடைக்காரர்கள் பழைய மாடலுக்கான ஆர்டர்களை நிறுத்த, அதே வருடம் செப்டம்பரில் திவாலானது. வீழ்ச்சிக்குக் காரணம் அது மட்டும்தானா என்ற வாதம் இன்றும் உண்டு; ஆனால் அந்தக் கதை எல்லா மார்க்கெட்டிங் ஆட்களுக்கும் மனப்பாடம்.

அதனால்தான் பல நிறுவனங்கள் கடைசிவரை வாய் திறப்பதில்லை. ஜனவரியில் நடக்கும் 'நாம்' (NAMM) என்ற இசைக் கருவிக் கண்காட்சியை ஒட்டி ஏதாவது வரும் என்று ஊகிப்பது இத்துறையில் பழைய வழக்கம். ஊகம் ஊகம்தான், அதை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

ரொம்ப நாளாக ஒரு சத்தமும் இல்லை. கைவிட்டுவிட்டார்களா?

பெரிய பதிப்பைத் தேடாதீர்கள், சின்ன அப்டேட்டுகளைப் பாருங்கள். 10.2.1, 10.2.2 என்று பிழை திருத்தங்கள் வந்துகொண்டிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறார்கள். புது ஓஎஸ் வெளியானதும் "எங்கள் மென்பொருள் இதில் ஓடும், ஓடாது" என்று ஒரு வரியாவது போடுகிறார்களா என்று கவனியுங்கள். ஆப்பிளின் இசை மென்பொருளான லாஜிக் புரோவின் 9ஆம் பதிப்பு வந்தது 2009இல்; அடுத்தது, லாஜிக் புரோ எக்ஸ், 2013 ஜூலையில். இடையில் ஆப்பிள் இதை மூடப்போகிறது என்று சத்தியம் செய்யாத ஆள் இல்லை. இன்றுவரை அது ஓடிக்கொண்டிருக்கிறது.

சின்ன அப்டேட் வருவதும் முழு உத்தரவாதம் ஆகாது. கேக்வாக் நிறுவனத்தின் சோனார் என்ற மென்பொருளுக்கு மாதாமாதம் அப்டேட் வந்துகொண்டிருந்தது. 2016இல் "ஆயுள் முழுக்க இலவச அப்டேட்" என்று விற்கவும் செய்தார்கள். 2017 நவம்பரில் உரிமையாளரான கிப்சன், இனி வளர்ச்சிப் பணி இல்லை என்று அறிவித்துவிட்டது. ஆயுள் என்றது யாருடைய ஆயுள் என்று அப்போதுதான் பலருக்கு விளங்கியது. (இதே கிப்சன் 1998இல் ஆப்கோட் நிறுவனத்தை வாங்கி, அடுத்த வருடமே அதன் ஸ்டூடியோ விஷன் மென்பொருளின் கதையை முடித்தது. நினைவிருந்தவர்கள் முன்பே கவலைப்பட்டிருப்பார்கள்.) சோனாருக்கு அதிர்ஷ்டம் இருந்தது: 2018 பிப்ரவரியில் பேண்ட்லேப் என்ற நிறுவனம் அதை வாங்கி, சில வாரங்களில் இலவசமாகவே வெளியிட்டது. கிப்சன் அதே வருடம் மே மாதம் திவால் மனு போட்டது.

ஆக, மென்பொருளை மட்டும் பார்த்தால் போதாது, அது யார் கையில் இருக்கிறது, அந்தக் கைக்குப் பணக்கஷ்டம் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும்.

இப்போதிருக்கும் பதிப்பை வாங்கலாமா, புதியது வரும்வரை பொறுக்கலாமா?

முதலில் அந்த நிறுவனத்தின் உரிம விதியைப் படியுங்கள். பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

எஃப்எல் ஸ்டூடியோவை ஒரு முறை வாங்கினால் பிறகு வரும் பதிப்புகள் இலவசம். காத்திருக்க ஒரு காரணமும் இல்லை. லாஜிக்கை 2013இல் மேக்கில் வாங்கியவர்களுக்கு 2024இல் வந்த 11ஆம் பதிப்புவரை கூடுதல் செலவில்லை. ரீப்பர் உரிமம் இப்போதைய பெரிய பதிப்புக்கும் அடுத்ததற்கும் சேர்த்தே செல்லும். பிட்விக்கில் வாங்கிய நாளிலிருந்து 12 மாதம் வரும் எல்லா அப்டேட்டும் உங்களுடையது. அதற்குப் பிறகு வருவதற்குப் பணம் கட்ட வேண்டும், ஆனால் கையில் இருப்பது பறிபோகாது. இந்த வகையில் மட்டும் தாமதம் நேரடியாக உங்கள் பையைத் தொடும். பெரிய பதிப்பு உங்கள் 12 மாதம் முடிந்த மறுவாரம் வந்தால் எரிச்சலாகத்தான் இருக்கும்.

கியூபேஸ், லைவ் போன்றவற்றில் சலுகைக் காலம் என்று ஒன்று இருக்கிறது. புதுப் பதிப்பு வருவதற்குச் சற்று முன்னால் பழையதை வாங்கியவர்களுக்கு, குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு வாங்கியிருந்தாலோ ஆக்டிவேட் செய்திருந்தாலோ, புதியதை இலவசமாகத் தருவார்கள். வாங்குவது வேறு, ஆக்டிவேட் செய்வது வேறு. எதைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஆக்டிவேஷன் தேதிதான் கணக்கு என்றால், வாங்கி வைத்துவிட்டு ஆக்டிவேட் செய்யாமல் பொறுப்பது ஒரு பழைய உத்தி. அவசரமில்லாதவர்களுக்கு நல்ல உத்தி.

இவை எதுவும் பொருந்தவில்லை என்றால் ஒரே அளவுகோல்: இன்று இருக்கும் வசதிகளுக்கு இந்த விலை தகுமா? தகும் என்றால் வாங்குங்கள். "அடுத்ததில் எல்லாம் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கையில் வாங்காதீர்கள்.

முன்பணம் கட்டிவிட்டேன். சொன்ன தேதி போய்விட்டது. திருப்பிக் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம், தயங்க வேண்டியதில்லை. அறிவிப்பு தள்ளிப்போவதும், காசு வாங்கிவிட்டுத் தள்ளிப்போடுவதும் ஒன்றல்ல. முதலாவதைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவதில் நீங்கள் ரசிகர் அல்ல, வாடிக்கையாளர். வாங்கிய அன்று அவர்கள் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் வேலை சுலபம். பிறகு அந்த வரியே காணாமல் போவதும் உண்டு. ஆர்டர் எண், வாங்கிய தேதி, வாக்குறுதி, இவற்றை மட்டும் வைத்து நாலு வரியில் கேளுங்கள். கோபத்தை இரண்டாவது மின்னஞ்சலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நான் ஏங்கும் ஒரு வசதி அடுத்த பதிப்பில் வருகிறதாம். அதுவரை இந்தப் பாட்டை நிறுத்தி வைக்கலாமா?

வேண்டாம். காத்திருப்பதால் வரும் உண்மையான நஷ்டம் இதுதான், மற்றதெல்லாம் சில்லறை. வரும் என்ற வசதி வராமலும் போகும், வந்தும் நீங்கள் நினைத்தபடி வேலை செய்யாமல் போகும். நிறுத்தி வைத்த பாட்டு மட்டும் உறுதியாக ஆறிப்போகும்; மூன்று மாதம் கழித்துத் திறந்தால் அந்தப் பல்லவியை ஏன் அப்படிப் போட்டோம் என்பதே மறந்திருக்கும்.

புரோ டூல்ஸ் என்ற மென்பொருளில் 2013இல் 11ஆம் பதிப்பு வரும்வரை மிக்ஸை வேகமாக பவுன்ஸ் செய்ய (முழுப் பாட்டையும் ஒரே கோப்பாக எடுக்க) வழியே கிடையாது. ஐந்து நிமிடப் பாட்டை பவுன்ஸ் செய்ய ஐந்து நிமிடம், அதுவும் முழுதாக ஓடவிட்டு. கடைசி நொடியில் ஒரு தவறு காதில் பட்டால் திருத்திவிட்டு மறுபடி ஐந்து நிமிடம். உலகத்தின் பெரிய பெரிய ஸ்டூடியோக்கள் அப்படித்தான் வேலை செய்தன. லைவ் மென்பொருளில் பல டேக்குகளிலிருந்து நல்ல வரிகளைப் பொறுக்கிச் சேர்க்கும் காம்பிங் வசதி 2021இல்தான் வந்தது. அதற்கு முன்பு நாலைந்து ட்ராக்கில் பாடவைத்து, வெட்டி, ஒரே ட்ராக்குக்கு இழுத்துச் சேர்த்தார்கள். அலுப்பான வேலைதான், ஆனால் நடந்தது.

உங்களுக்கு வேண்டிய வசதியையும் அநேகமாக ஏதோ ஒரு சுற்றுவழியில் இன்றே செய்ய முடியும். ஒரு மாலை செலவழித்து அந்தச் சுற்றுவழியைக் கண்டுபிடித்து, ஒரு டெம்ப்ளேட்டாகச் சேமித்துவிடுங்கள்.

பீட்டா பதிப்பு (வெளியீட்டுக்கு முந்தைய, முழுமையடையாத பதிப்பு) கிடைக்கிறது. போடலாமா?

விளையாட்டுக்குப் போடலாம். கூலிக்கு எடுத்த வேலையை அதில் திறக்காதீர்கள். பீட்டாவில் சேமித்த புராஜெக்ட்டைப் பழைய பதிப்பு பெரும்பாலும் திறக்காது. சில சமயம் அடுத்த பீட்டாவே திறக்காது. முடிந்தால் தனி டிஸ்கில் அல்லது கம்ப்யூட்டரில் தனிப் பயனர் கணக்கில் போடுங்கள். புராஜெக்ட்டின் நகலை மட்டும் அதில் திறங்கள்.

பீட்டா போட்டவர்களுக்கு ஒரு கடமையும் உண்டு. "கிராஷ் ஆகிறது" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்த ஓஎஸ், எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ், பஃபர் எவ்வளவு, எந்த பிளக்இன் திறந்திருந்தது, எதை அழுத்தியதும் நின்றது, மறுபடி செய்தால் மறுபடி நிற்கிறதா, இவற்றை எழுதி கிராஷ் ரிப்போர்ட் கோப்பையும் இணையுங்கள். தாமதத்தைக் குறைக்க நம்மால் செய்ய முடிந்தது இவ்வளவுதான்.

ஓஎஸ் அப்டேட் செய்யச் சொல்லிக் கம்ப்யூட்டர் நச்சரிக்கிறது. என் மென்பொருளின் புதுப் பதிப்போ வரவில்லை. என்ன செய்ய?

மென்பொருள் வரும்வரை ஓஎஸ்ஸைத் தொடாதீர்கள். தானாக அப்டேட் ஆகும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

2019 அக்டோபரில் மேக்ஓஎஸ் கேடலினா வந்தபோது 32 பிட் மென்பொருள்கள் மொத்தமாக நின்றுபோயின. இசைத் துறையின் நிறுவனங்கள் பல, தங்கள் பயனர்களுக்கு "இப்போதைக்கு ஏற்ற வேண்டாம்" என்று அறிவிப்பு அனுப்பின. அடுத்த வருடம் நவம்பரில் ஆப்பிளின் சொந்த எம்1 சிப் வந்தது. இன்டெல் சிப்புக்காக எழுதிய பழைய மென்பொருள்கள் ரொசெட்டா என்ற ஆப்பிளின் மாற்று வசதி வழியாக ஓடின. ஆனால் எம்1க்கென்றே எழுதிய பதிப்புகள் வந்துசேர சில நிறுவனங்களுக்கு வருடக்கணக்கில் ஆனது. மென்பொருள் தயாராகியும் ஒரே ஒரு பிளக்இன் தயாராகாததால் முழுவதையும் ரொசெட்டாவிலேயே ஓட்டியவர்கள் உண்டு.

ஒரு சங்கிலி போல யோசியுங்கள்: ஓஎஸ், இசை மென்பொருள், பிளக்இன்கள், ஆடியோ இன்டர்ஃபேஸின் டிரைவர், ஐலாக் போன்ற உரிமச் செயலி. ஐந்தும் புது ஓஎஸ்ஸுக்குத் தயார் என்று தெரிந்த பிறகு ஏறுங்கள். அதிகம் மறக்கப்படுவது டிரைவர். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால், அதிலேயே இருப்பவர்கள் ஸ்டூடியோ கம்ப்யூட்டரை இணையத்திலிருந்து பிரித்து வைப்பது நல்லது.

பொறுத்தது போதும், வேறு மென்பொருளுக்கு மாறிவிடலாமா?

மாறலாம், கோபத்தில் மட்டும் மாறாதீர்கள். புது மென்பொருளின் விலை இதில் சின்னச் செலவு. விரல்கள் பழகிய ஷார்ட்கட்டுகளை மறந்து புதியதைப் படிக்க மாதங்கள் ஆகும். அதைவிடப் பெரியது பழைய புராஜெக்ட்டுகள்.

மாறுவதென்று முடிவானால், முக்கியமான பாட்டுகளின் ஒவ்வொரு ட்ராக்கையும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்கும்படி வேவ் கோப்பாக எடுத்து வையுங்கள். எல்லாம் ஒரே இடத்தில் தொடங்கினால் எந்த மென்பொருளிலும் இழுத்துப் போட்டதும் சரியாக உட்காரும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒரு நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி. நாலு நிமிடப் பாட்டில் 30 ஸ்டீரியோ ட்ராக் என்றால் ஏறக்குறைய 2 ஜிபி. மிடி கோப்பைத் (எந்த ஸ்வரம் எப்போது என்ற குறிப்பு) தனியாக எடுத்து, டெம்போவையும் (பாட்டின் வேகம்) எழுதி வையுங்கள். பிட்விக், பிரிசோனஸ் என்ற இரண்டு இசை மென்பொருள் நிறுவனங்கள் 2023இல் டாப்ராஜெக்ட் (DAWproject) என்று ஒரு பொதுக் கோப்பு வடிவத்தைக் கொண்டுவந்தன. உங்கள் பழைய மென்பொருளும் புதியதும் அதை ஆதரித்தால் வேலை பாதியாகக் குறையும்.

சில சமயம் மாற்றம் உங்கள் கையில் இருக்காது. 2002இல் ஆப்பிள், லாஜிக்கை உருவாக்கிய எமாஜிக் நிறுவனத்தை வாங்கியதும் லாஜிக்கின் விண்டோஸ் பதிப்பு நின்றுபோனது. அதனால் மாறும் எண்ணமே இல்லாதவர்களும் முடித்த பாட்டுகளை வேவாக எடுத்து வைப்பது நல்லது.

12க்கு அடுத்து 13தானே வர வேண்டும்? எண்ணைத் தாண்டிப் போகிறார்களே?

எண்ணுக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை. எஃப்எல் ஸ்டூடியோ 12க்குப் பிறகு 2018இல் நேராக 20க்குத் தாவியது, இருபதாவது வருடம் என்பதற்காக. (உண்மையான விசேஷம் வேறு: பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்த மேக் பதிப்பு அதில்தான் வந்தது.)

அதுவரை கிராக் பதிப்பைப் போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். திருட்டு என்பது ஒரு பக்கம். யாரோ மாற்றியமைத்த கோப்புக்கு உங்கள் ஸ்டூடியோ கம்ப்யூட்டரின் அட்மின் பாஸ்வேர்டைக் கொடுக்கிறீர்கள் என்பது இன்னொரு பக்கம். வாங்கும் முன் பயன்படுத்திப் பார்க்கும் சோதனைப் பதிப்பு பெரும்பாலும் எல்லா நிறுவனத்திடமும் உண்டு.

ஒருவழியாக வந்துவிட்டது! முதல் நாளே ஏற்றிவிடலாமா?

கையில் முடிக்க வேண்டிய வேலை இருந்தால், முதல் பிழைதிருத்த அப்டேட் வரும்வரை பொறுங்கள். இத்தனை நாள் பொறுத்தவருக்கு இன்னும் சில வாரம் பெரிதல்ல.

ஏற்றும்போது பழையதை அழிக்காதீர்கள். கியூபேஸ், லைவ் இரண்டிலும் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். லாஜிக்கில் பழைய செயலியை முன்கூட்டியே ஜிப் செய்து வைக்க வேண்டும். பழைய புராஜெக்ட்டைத் திறந்ததும் முதல் வேலையாக வேறு பெயரில் சேமியுங்கள். புதுப் பதிப்பில் சேமித்ததைப் பழையது திறக்காது என்பதுதான் பொது விதி.

பாட்டு முன்பு ஒலித்தது போலவே ஒலிக்கிறதா என்ற சந்தேகம் வரும். காதை நம்பாதீர்கள், எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பழைய பதிப்பில் ஒரு முறை, புதியதில் ஒரு முறை அதே பாட்டை பவுன்ஸ் செய்யுங்கள். இரண்டையும் ஒரு காலி புராஜெக்ட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக, சாம்பிள் பிசகாமல் வைத்து, ஒன்றின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்-கீழ் திசையை) மட்டும் புரட்டிப் போட்டு ஓடவிடுங்கள். இரண்டும் ஒன்றேயென்றால் ஒன்றையொன்று விழுங்கி முழு மௌனம். ஏதாவது மிச்சம் கேட்டால், கேட்கும் இடத்தில் எந்தக் கருவி இருக்கிறது என்று பார்த்து அந்த ட்ராக்கை மட்டும் தனியாகச் சோதியுங்கள். கோரஸ், சில ரிவெர்ப், பழைய சின்தசைசரைப் போலச் செய்யும் பிளக்இன்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறாகவே ஒலிக்கும். அவை மிச்சம் விட்டால் பயப்பட ஒன்றுமில்லை. டிரம்ஸோ குரலோ மிச்சம் விட்டால் டிலே காம்பென்சேஷனையும் (பிளக்இன்களால் வரும் தாமதத்தை ஈடுகட்டும் வசதி) வால்யூம் ஆட்டோமேஷனையும் (பாட்டின் போக்கில் தானாக ஏறி இறங்கும் ஒலி அளவு) பாருங்கள்.

பழைய பிளக்இன்கள் புதியதில் காணோம். எங்கே போயின?

விஎஸ்டி2 என்ற பழைய பிளக்இன் வகையாக இருக்கலாம். கியூபேஸைத் தயாரிக்கும் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 2018இலேயே விஎஸ்டி2க்கான எஸ்டிகேயை (பிளக்இன் எழுதத் தேவையான கருவித்தொகுப்பு) விநியோகிப்பதை நிறுத்தியது. 2022 ஜனவரியில், தன் மென்பொருள்களில் அதன் ஆதரவை 24 மாதத்தில் விலக்கிக்கொள்வதாகவும் சொன்னது. அதே பிளக்இன்னின் விஎஸ்டி3 பதிப்பு பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். கிடைக்காதவற்றைப் பழைய பதிப்பில் திறந்து, அந்த ட்ராக்கை ஆடியோவாக எடுத்துவிட்டு நகருங்கள்.

பழைய இன்ஸ்டாலரை வைத்திருக்க வேண்டுமா?

வைத்திருங்கள், சீரியல் நம்பரோடு சேர்த்து, வேறொரு டிஸ்கில். ஆனால் இன்ஸ்டாலர் மட்டும் போதாது. டாங்கிள் காலத்து உரிமங்களை நிர்வகித்த இ-லைசென்சர் சேவையை ஸ்டைன்பெர்க் 2025 மே மாதம் மூடிவிட்டது. இன்ஸ்டாலர் இருந்தும் ஆக்டிவேட் செய்ய அந்தப் பக்கம் ஆளில்லை. ஆகவே பழையதை நம்பித்தான் ஒரு புராஜெக்ட் இருக்கிறதென்றால், அது ஓடும் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்வதற்கு முன் ட்ராக்குகளை வேவாக எடுத்துவிடுங்கள்.